அக்காவின் மணிக்கட்டு

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், இனி அவள் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவள் வயதுக்கு வந்திருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காவிரி மணலில் என்னைத் துரத்தியவளை, ஒரு நாள் காலையில் தலைக்கு ஊற்றி, பூ வைத்து, அம்மாவின் சேலை ஒன்றைச் சுற்றி உட்காரவைத்தார்கள். சேலையை அவளுக்குக் கட்டினார்கள் என்பதைவிட, அவளைச் சேலைக்குள் வைத்துக் கட்டினார்கள் என்பதே சரி. முகமும் கால்விரல்களும் மட்டும் வெளியே தெரிந்தன. எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அக்காவுக்கு ஏதோ பெரிய பதவி கிடைத்துவிட்டதாக நினைத்து, எனக்கும் ஒரு சேலை வேண்டும் என்று அழுது அடி வாங்கினேன்.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டி எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. மாப்பிள்ளை அந்நியர் இல்லை. கரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தையின் மகன். அத்தை என்றால் அப்பாவுக்கு நேர் மூத்தவர். அவர் வந்தால் அப்பா எழுந்து நிற்பார். அவர் சொன்னதற்கு மறுசொல் எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. "உன்ற பொண்ணை எனக்குக் குடுத்துரு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று அத்தை சொன்னார். அப்பா சரி என்றார். தை மாதத்தில் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். அம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் நிச்சயம்.

அக்காவுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பட்டுச் சேலை வரும், கொலுசு வரும், கல்யாணத்துக்கு அதிரசம் சுடுவார்கள் என்பதையெல்லாம் எனக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள். அதிரசத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள், கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துக்கொண்ட வெள்ளாட்டுக்குட்டி ஒன்று கொடிக்காலுக்குள் புகுந்துவிட்டது. கொடி படர்வதற்காக வைத்திருக்கும் அகத்தித் தளிர் என்றால் ஆட்டுக்கு உயிர். அப்பா பார்த்தால் குட்டியை உரித்துவிடுவார். அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை, நான்தான் இருந்தேன். சேலையை முழங்கால்வரை வாரிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எத்தனையோ நாள் கழித்து அவள் ஓடுவதைப் பார்த்த சந்தோஷத்தில் நானும் பின்னால் ஓடினேன். குட்டியின் கழுத்தைப் பிடிக்க ஒரு கையை நீட்டினாள். அந்தக் கை நழுவவிட்ட சேலை காலில் சுற்றிக்கொண்டது. பாத்திக்கு நடுவில் தண்ணீர் ஓடும் வாய்க்காலில், வலக்கையை ஊன்றி விழுந்தாள்.

காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அக்கா அழவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடி, "ஐயோ, அம்மா சேல சேறாயிருச்சே" என்றாள். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, கை இருக்கக்கூடாத ஒரு வளைவில் இருந்தது.

பக்கத்து ஊர்க் கட்டு வைத்தியரை அழைத்துவந்தார்கள். அவர் கையை இழுத்து நேராக்கி, மூங்கில் பத்தை வைத்து, மேலே பச்சிலையும் முட்டையின் வெள்ளைக்கருவும் பூசிக் கட்டினார். அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஒரு கையால் எனக்குத் தலைவாரிவிடப் பழகிக்கொண்டாள். கட்டைப் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் முறிந்த இடத்தில் ஒரு சிறு மேடு கையில் தட்டுப்பட்டது. வைத்தியர் தடவிப் பார்த்து, "கூடிருச்சுங்க. மேடு தன்னால அமுங்கீரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் விஷயம் ஆற்றைத் தாண்டி அத்தை காதுக்குப் போயிருந்தது. வெற்றிலை எடுக்க வந்த ஒருவரிடம் அத்தை சொல்லியனுப்பினார்: கை கோணலா, நேரா? குடம் தூக்குமா, மாவாட்டுமா? தெரியாமல் பந்தல் போட முடியாது. தப்பாக நினைக்க வேண்டாம்.

அப்பா தப்பாகத்தான் நினைத்தார். அன்று சாயங்காலம் அம்மாவிடம், "சேலத்துல பெரிய ஆசுபத்திரியில எலும்பப் போட்டோப் புடிக்கற மிசினு வந்திருக்குதாம். கூட்டிக்கிட்டுப் போயி, எலும்பையே போட்டோப் புடிச்சுக் கொண்டாந்து எங்கக்கா கையில குடுத்தர்றேன். பாத்துக்கட்டும்" என்றார்.

"நானும் வாரனுங்க" என்றார் அம்மா. "பொட்டப்புள்ளைய ஒத்தையில எப்படி அங்க விடறது?"

என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் போனேன்.

அது உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களின் பின்னால் அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் பஸ் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். நாமக்கல்லில் ஒரு பஸ் மாறி, இராசிபுரம் வழியாக நாங்கள் சேலம் போய்ச் சேர்ந்தபோது, என் வெள்ளைச் சட்டை அப்பாவின் பழைய வேட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. முந்தின வாரம் ஊதா நிறத்தில் ஒரு பாசிமணியை வாயில் போட்டு விளையாடியபோது விழுங்கிவிட்டிருந்தேன். உள்ளே இருப்பதைப் போட்டோப் பிடிக்கிற மிஷின் என்றால், அதில் பாசிமணியும் விழுந்துவிடுமே!

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். தெற்கத்திச் சீமைக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. கையில்லாத ரவிக்கை, வெள்ளைச் சேலை, கழுத்தில் தொங்கும் குழாய். அவர் அக்காவின் கையைப் பிடித்து மேட்டைத் தடவினார், விரல்களை மடக்கச் சொன்னார், தன் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடி பார்ப்போம்" என்றார். அக்கா பிடித்த பிடியில் டாக்டரம்மா, "அடேயப்பா" என்று கையை உதறிக்கொண்டார். அப்பாவின் முகம் மலர்ந்தது.

"கை நல்லாத்தான் இருக்குங்க. படம் எதுக்கு?"

"சம்பந்தி ஊட்டுல காட்டோணுமுங்க" என்றார் அப்பா. "பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணமுங்க."

டாக்டரம்மா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். சேலைக்குள் இருந்த முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தது போல இருந்தது. "சரி, எடுத்துடுவோம்" என்றார்.

ஜன்னலெல்லாம் கறுப்புத் துணியால் மூடிய அறை அது. அக்காவை ஒரு மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வளையல்களைக் கழற்றி, கையை ஒரு தட்டையான பெட்டியின் மேல் வைக்கச் சொன்னார்கள். நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே ஏதோ உறுமி, உடனே அடங்கியது. வெளியே வந்த அக்காவிடம் நான், "வலிச்சுதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே பண்ணலடி" என்றாள் ஏமாற்றத்தோடு.

கொஞ்ச நேரம் கழித்து எங்களை வேறோர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முகப்பில் பால் நிறக் கண்ணாடி வைத்த ஒரு பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த படத்தை டாக்டரம்மா அதில் மாட்டினார்.

கறுப்பின் நடுவே, புகையால் செய்தது போல ஒரு கை. புகைக்குள் வெள்ளை வெளேரென்று எலும்புகள். அம்மா என்னைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். அக்கா தன் கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அது அவளுடையதுதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அப்பா மட்டும் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். பார்த்தவர் திடுக்கிட்டுப் போனார்.

"ஏனுங்கம்மா, கூடவே இல்லியே! இதா, இங்க துண்டா நிக்குதே!"

மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பின் நுனிக்கு முன்னால், கறுப்பாக ஒரு பட்டை குறுக்கே ஓடியது. அதற்கு அப்புறம் ஒரு தொப்பி போல எலும்பின் நுனித் துண்டு தனியாக இருந்தது. சோளத்தட்டை ஒரே வெட்டாக வெட்டி, வெட்டிய துண்டை இடைவெளி விட்டு வைத்தது போல.

"அது ஒடைஞ்ச இடம் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "ஒடைஞ்சது இன்னும் மேல. இங்க பாருங்க, பஞ்சு சுத்தின மாதிரி கொஞ்சம் தடிச்சு வெளுப்பாத் தெரியுதே, அதுதான். புது எலும்பு ஊறிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. உங்க வைத்தியர் நல்லாக் கட்டியிருக்கார்."

"அப்ப இந்தக் கறுப்பு?"

"ஆட்டெலும்பு ஒடைச்சுப் பார்த்திருக்கீங்கள்ல?"

"பாக்காம என்னுங்க. நல்லியெலும்பு நடுவுல குழாயாட்டம் இருக்கும். முட்டிப் பக்கமாப் போனா உள்ளாற பீர்க்கங்கூடாட்டம் ஓட்டை ஓட்டையா இருக்கும்."

"அதேதான். மனுஷனுக்கும் அப்படித்தான். இதோ, ஓரத்துல சுண்ணாம்பு பூசின மாதிரி அழுத்தமா இருக்கே, அது குழாயோட சுவர். நுனிப் பக்கம் சல்லாத்துணி மாதிரி வலை வலையாத் தெரியுதே, அது நீங்க சொன்ன பீர்க்கங்கூடு. இளம் ஆட்டுக்குட்டியா இருந்தா இந்த முட்டி தனியாக் கழண்டு வருமே, கவனிச்சிருக்கீங்களா?"

அப்பா யோசித்தார். "வருமுங்க. கெடாயா இருந்தா வராது."

"ஏன்னா குட்டிக்கு அந்த இடத்துல எலும்பு இன்னும் எலும்பாகலை. குருத்தா இருக்கு. குருத்து இந்தப் படத்துல விழாது, அதனாலதான் வெறும் கறுப்பாத் தெரியுது. எலும்பு நீளமா வளர்றதே அந்த இடத்துலதான். வளர்ந்து முடிஞ்சதும் அது அடைச்சுக்கும், பட்டையே இருக்காது." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "உங்க பொண்ணுக்கு இன்னும் பெரிசாத் திறந்தே இருக்குங்க. இவளுக்கு என்ன வயசு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். "வயசுக்கு வந்துட்டாளுங்க" என்றார் அப்பா. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அதுவே பதில்.

"எலும்பு இன்னும் வயசுக்கு வரலீங்களே" என்றார் டாக்டரம்மா.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரலீங்களே என்பது போலத்தான் சொன்னார். ஆனால் அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கையில் இப்படி என்றால் இடுப்பெலும்பும் முழுசாக வளர்ந்திருக்காது, அதற்குள் ஒரு பிள்ளையைச் சுமந்தால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று டாக்டரம்மா மேலும் ஏதேதோ சொல்லிக்கொண்டு போக, அப்பா கையை நீட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் படிச்சவங்க பேசறதுங்க. எங்கம்மா இப்படித்தான் வந்தாங்க. எங்கக்கா இப்படித்தான் போனாங்க. இதா நிக்கறா பாருங்க, இவளும் இந்த வயசுலதான் எங்கூட்டுக்கு வந்தா. கல்லாட்டம் இருக்கறா. ஒருநாள் கூட படுத்தவ இல்ல."

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். அப்பா சொன்னதற்கு மறுப்போ ஆமோதிப்போ அம்மாவின் முகத்தில் இல்லை.

"சரிங்க. வளர்ந்த கை எப்படி இருக்கும்னு நீங்களே பக்கத்துல வெச்சுப் பாருங்க. வாங்கம்மா."

மிஷின் அறைக்காரர் முணுமுணுத்தார். சண்டைக்காலத்தில் பிலிம் கிடைப்பதே அபூர்வம், அதை ஊர்க்கதைக்கு வீணாக்குவதா என்று. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "வீணாகாது. இந்தச் சின்னக் கையையும் சேர்த்து வெச்சு ஒரே பிலிம்ல எடுத்துடுங்க" என்று என்னைப் பிடித்து முன்னால் விட்டார். அம்மாவின் வளையல்கள் கழலவில்லை; முழங்கை வரைக்கும் தள்ளி ஏற்றினார்கள். அம்மாவின் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கை மட்டும்தான் என்று தெரிந்ததும் பாசிமணியைப் பற்றிய கவலை விட்டது. அம்மாவின் சுண்டுவிரல் மெல்ல வந்து என் விரலைத் தொட்டுக்கொண்டது. "அசையாதீங்க" என்று ஓர் அதட்டல் வந்தது. அம்மா விரலை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது படம் வந்தபோது அப்பா எழுந்துபோய் அருகில் நின்றுகொண்டார். என் கைதான் எல்லாருக்கும் சிரிப்பை வரவழைத்தது. மணிக்கட்டில் எலும்பே இல்லாமல், ஆற்றுமணலில் யாரோ போட்டுவிட்டுப் போன கூழாங்கற்கள் போலச் சில துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. அக்காவின் படத்தில் அந்தக் கற்கள் பெரிதாகி நெருங்கியிருந்தன. அம்மாவின் படத்தில் அவை ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்திருந்தன. கறுப்புப் பட்டை எங்கேயும் இல்லை. எலும்பு தங்குதடையில்லாமல் நுனிவரை ஓடியது.

சொல்லாமலே தெரிந்தது. அக்காவின் கை அம்மாவின் கையைவிட என் கைக்குத்தான் பக்கத்தில் இருந்தது.

அப்பா படங்களை மாறி மாறிப் பார்த்தார். ஆனால் ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை. "கல்லாட்டம் இருக்கறான்னு சொன்னனே. பாருங்க, எப்படி இருக்குதுன்னு" என்றார் அம்மாவின் படத்தைக் காட்டி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டரம்மா அம்மாவின் படத்தில் ஓர் இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்கு மேலே, எலும்பின் குறுக்கே, நூல் கட்டியது போல மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது.

"அம்மா, உங்களுக்குச் சின்ன வயசுல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா? டைபாய்டு, அம்மை, அந்த மாதிரி?"

"இல்லீங்களே" என்றார் அம்மா. ஆஸ்பத்திரிக்குள் வந்தபின் அவர் பேசிய முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

"ஏனுங்க? முறிவுங்களா?" என்றார் அப்பா.

"இல்லைங்க, பயப்படாதீங்க. வளர்ற வயசுல உடம்புக்கு ஏதாவது வந்தா, இல்ல சாப்பாடு இல்லாமப் போனா, எலும்பு வளர்றதை நிறுத்திக்கும். அப்புறம் நல்லா ஆனதும் மறுபடி வளரத் தொடங்கும். நின்னு தொடங்கின இடத்துல சில பேருக்கு இப்படி ஒரு கோடு விழுந்துடும். எல்லாருக்கும் விழாது. எதனால வந்துதுன்னும் என்னால உறுதியாச் சொல்ல முடியாது. சில பேருக்கு ரொம்ப வருஷத்துக்கு அழியாம இருக்கும். கேட்டு வெச்சுக்கலாம்னுதான் கேட்டேன்."

அம்மா கிட்ட வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு தன் கையின் அதே இடத்தை மற்றக் கையால் தடவிக்கொண்டார்.

"காச்சலெல்லாம் இல்லீங்க. அது எங்கூட்டுக்கு வந்த புதுசா இருக்குமுங்க" என்றார். தென்னம்பிள்ளை வைத்த வருஷத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். "வந்த புதுசுல சோறு எறங்காதுங்க. தட்டத்துல போட்டுக் குடுப்பாங்க. கையில எடுத்தா, எங்கம்மா கை மாதிரி இருக்காது சோறு. தொண்டையிலயே நின்னுக்கும். ஆரும் பாக்காதப்ப மாட்டுக்கு வெச்சுருவனுங்க. வெகுநாள் அப்படித்தான் இருந்தனுங்க."

"எனக்குச் சொல்லவே இல்லியே!" என்றார் அப்பா.

"ஆருகிட்டங்க சொல்றது?" என்றார் அம்மா. குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையிலேயே யாரிடம் சொல்லியிருக்கலாம் என்று இப்போது யோசிப்பவரைப் போல இருந்தது. "நீங்க கொடிக்காலுக்குப் போயிருவீங்க. உங்களைப் பாத்தாலே எனக்கு அப்ப பயமுங்க." பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பி, எதையோ சரிசெய்பவர் போல, "அப்புறம் ஒருநா பசிக்க ஆரம்பிச்சிருச்சுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

டாக்டரம்மாவும் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். அப்பா மட்டும் அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

அவரைத் தேடிக்கொண்டு நான் போனேன். முற்றத்துக் குழாயடியில் நின்று முகத்தை மறுபடியும் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். கரிப்புகை ஒட்டியிருக்கிறது போல என்று நினைத்து, "போயிருச்சுங்கப்பா" என்றேன். துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டு, "வா சாமி" என்று என்னைத் தூக்கிக்கொண்டார். நான் தூக்கும் வயதைத் தாண்டியிருந்தேன். ஆனாலும் இறக்கிவிடச் சொல்லவில்லை.

அக்காவின் படத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். அம்மாவும் நானும் இருந்த படத்தை, அது எந்த நோயாளிக்கும் உரியதல்ல என்பதால், காகிதத்தில் சுற்றி எங்களிடமே கொடுத்துவிட்டார் டாக்டரம்மா. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். மேட்டில் தள்ள இறங்கியபோது அம்மாவிடம் கொடுத்து, "பாத்து, மடங்கிரப் போவுது" என்றார்.

அடுத்த வாரம் அத்தை வந்தார். அப்பா எழுந்து நின்றார். தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே அத்தை கேட்டார்: "கை கூடிருச்சா?"

"கூடிருச்சுக்கா. நல்லாக் கூடிருச்சு."

"அப்புறமென்ன? பந்தக்காலு ஊனச் சொல்லீரலாம்."

"இல்லக்கா. கல்யாணம் இப்ப வேண்டாம். புள்ள இன்னும் வளந்து முடியல."

அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் கூரைக்கு ஏறியது. "எலும்பப் பாத்தாடா பொண்ணு குடுக்கறாங்க? ஆசுபத்திரியில ஆரோ ஒருத்தி சொன்னாளாம், இவன் கேட்டானாம்! என்ற மவன் எத்தனை நாளைக்குக் காத்துக்கிட்டு இருக்கறது? நான் வாக்கப்பட்டுப் போறப்ப எனக்குப் பல்லுகூட முழுசா முளைக்கல. நான் வளரலியா? செத்தா போயிட்டேன்?"

அப்பா தலை நிமிரவில்லை. நின்றபடியே சொன்னார்: "நீ போன அன்னிக்கு வண்டிக்குப் பின்னாலயே நான் ஆத்துத்துறை வரைக்கும் ஓடியாந்தேன். உனக்கு ஞாபகம் இருக்குதோ என்னமோ. நீ வண்டியில இருந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டு உடமாட்டேன்னு அழுதே. பெரியவங்க உன்ற வெரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு உட்டாங்க. அப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கலக்கா."

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

கிளம்பும்போது அத்தை, "அந்தப் போட்டோவக் கொண்டா, பாக்கறேன்" என்றார். நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன். வாசலில் நின்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எது யார் கை என்று சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வலக்கையை விரித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தோலும் நரம்பும் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏறிப் போனார்.

அதன்பின் சில வருஷம் அத்தை வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை. அவருடைய மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். பத்திரிகை வந்தது, அப்பா மட்டும் போய் நின்றுவிட்டு வந்தார்.

கல்யாணம் நின்றுபோனதில் மிகவும் வருத்தப்பட்டது அக்காதான். பட்டுச் சேலையும் கொலுசும் அதிரசமும் ஒரேயடியாகப் போய்விட்டன. "எலும்புல ஓட்டையாம், அதனால கல்யாணம் இல்லியாம்" என்று மூலையில் உட்கார்ந்து விசும்பினாள். அதிரசம் போனதற்காக நானும் கூட உட்கார்ந்து அழுதேன். அழுகை அதிக நாள் நீடிக்கவில்லை. அம்மா சேலையை வாங்கி வைத்துவிட்டு அவளுக்குப் பழைய பாவாடையையே கொடுத்துவிட்டார். அடுத்த ஆடிப்பெருக்குக்குள் அந்தப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. காவிரி மணலில் அவளை என்னால் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. அவள் கல்யாணம் நடந்தபோது நான் பாவாடையிலிருந்து தாவணிக்கு மாறியிருந்தேன். அவள் அம்மாவைவிட உயரமாக, மாலையோடு மணவறையில் நின்றாள். அதிரசம் சுட்டார்கள்.

ஆனால் அந்த வருஷம் என்னைக் குழப்பிய விஷயம் வேறு ஒன்று.

சேலத்துக்குப் போய்வந்த பின் அப்பாவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. முன்பெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்காலுக்குக் கிளம்பிவிடுவார். இப்போது ஈரக் கையோடு அடுப்படி வாசலில் வந்து நிற்பார்.

"நீ உண்டியா?"

"உண்டுக்கறேன், போங்க."

போகமாட்டார். நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, மாட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஏதாவது பேசுவார். வேறு வழியில்லாமல் அம்மா தட்டத்தை எடுத்துவைத்துச் சோறு போட்டுக்கொள்வார். வெட்கத்தில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் வைப்பார். அதைப் பார்த்த பிறகே அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்.

டாக்டரம்மா அம்மாவுக்கு ஏதோ வைத்தியம் சொல்லி, அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். இந்த வைத்தியம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. தினமும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும்படி, நன்றாகத்தான் இருக்கிற அம்மாவுக்கு அப்படி என்ன சீக்கு என்றுதான் எனக்கு விளங்கவேயில்லை.